சொற்சித்திரம் வரையும் முறை

தமிழ்ப் பாடசாலை மேல்வகுப்பு மாணவர்களிடம் "என் தாத்தா" என்று ஒரு தலைப்பைக் கொடுத்து ஒரு பக்கம் எழுதுமாறு பணித்தால், பெரும்பாலும் ஒரே கட்டுரை பல கையெழுத்துகளில் நம்மிடம் வந்து சேரும். "என் தாத்தா மிகவும் நல்லவர். அவர் எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார். எனக்குக் கதைகள் சொல்வார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்." இவ்வரிகளில் எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை, பொய்யும் இல்லை. ஆயினும் தாத்தாவும் இல்லை. இத்தாளை அடுத்த மேசையில் இருக்கும் மாணவனின் தாளோடு மாற்றி வைத்தால் ஆசிரியர் மட்டுமன்றி இரண்டு தாத்தாக்களுமே கண்டுகொள்ளமாட்டார்கள். எல்லோருக்கும் பொருந்துமாறு தைத்த சட்டை ஒருவருக்கும் அளவாக இருப்பதில்லை.

ஒரு மனிதரையோ, ஓர் இடத்தையோ, ஒரு தொழிலையோ அதனை ஒருநாளும் கண்டிராதவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் உரைநடையையே நாம் இங்குச் சொற்சித்திரம் என்று வழங்குகிறோம். நடைச்சித்திரம் என்ற பெயரும் இதற்கு உண்டு. 1933ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'மணிக்கொடி' இதழின் முன்னோடிகளுள் ஒருவராகிய வ. ரா., அப்பெயரில் அன்றாட வாழ்வின் மனிதர்களைப் பற்றி எழுதியவர். வாழ்க்கை வரலாறு பிறந்த ஊரில் தொடங்கி ஆண்டு வரிசையாக நடந்து செல்லும். சொற்சித்திரத்திற்கு அந்தக் கட்டாயம் இல்லை. எழுபது ஆண்டு வாழ்ந்த ஒருவரை அவர் காலையில் தேநீர் ஆற்றும் முறையிலிருந்தே தொடங்கலாம். வாழ்த்துரையினின்றும் இது வேறானது. மணிவிழா மேடையில் ஒருவரின் குறையைச் சொல்லுதல் பண்பாகாது. சொற்சித்திரத்திலோ, சீட்டாட்டத்தில் தோற்றால் தாத்தா இரவுச் சாப்பாட்டுக்கு வரமாட்டார் என்பது போன்ற ஒரு வரி இல்லையேல் அவர் தாளிலிருந்து எழுந்து நடமாடவே மாட்டார்.

இவ்வகை எழுத்தை மேலைநாட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொண்டதாக எண்ணுவோர் உளர். உரைநடையில் அஃது ஓரளவு உண்மையாகலாம். ஆனால் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சியைப் பாருங்கள். 782 அடிகள் கொண்ட அந்நெடும்பாட்டில் மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த முற்படுகின்றார். அதன் பொருட்டு அவர் காட்டுவது மதுரை நகரின் ஒரு நாள். பகலில் கூடும் நாளங்காடி, மாலைக்குப்பின் கூடும் அல்லங்காடி, இரவின் ஒவ்வொரு யாமத்திலும் உறங்குவோர், விழித்திருப்போர், காவல் புரிவோர், இறுதியில் விடியல் என்று நகரம் நம்முன் அசைகின்றது. "மதுரை மிகப் பெரிய நகரம்" என்று ஒரு வரியில் சொல்லி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஓர் இடத்தை எழுதப் புகும் மாணவர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைக்கும்போது, ஒரு நாளின் போக்கைப் பின்பற்றும் இம்முறையைத் தயங்காமல் கைக்கொள்ளலாம்.

இதனினும் பயனுள்ள ஒரு கருவியைத் தொல்காப்பியர் தந்திருக்கின்றார். அகப்பாட்டின் பொருளை அவர் முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். மனத்தில் நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். நம் மாணவர்கள் இதனைத் தேர்வுக்காக மனனம் செய்கின்றனர், செய்துவிட்டு மறந்துவிடுகின்றனர். மேலே நாம் காட்டிய தாத்தாக் கட்டுரையை இவ்வகுப்பைக் கொண்டு அளந்து பார்த்தால் அதன் குறை உடனே விளங்கும். நல்லவர், அன்பானவர், பிடிக்கும் என்பன எல்லாம் உரிப்பொருள். முதற்பொருள் இல்லை: தாத்தா எங்கே இருக்கிறார், அது எந்த நேரம் என்று நமக்குத் தெரியாது. கருப்பொருள் அறவே இல்லை. சங்கப் புலவர் தலைவியின் துயரைச் சொல்லவேண்டிய இடத்தில் கடற்கரையையும் நாரையையும் புன்னை மரத்தையும் காட்டினார். துயரை நாமே அறிந்துகொண்டோம். நாமோ அன்பு என்ற சொல்லை நான்கு முறை எழுதுகிறோம்; படிப்பவர் ஒருமுறையும் அதனை உணர்வதில்லை.

ஆகவே எழுதத் தொடங்குமுன் ஒரு சிறு பயிற்சி. ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு தாத்தாவின் அறைக்குள் சென்று அங்குள்ள கருப்பொருள்களை எண்ணுங்கள். சுவரில் என்ன படம்? எந்த நாட்காட்டி, எந்தக் கடையில் கொடுத்தது? கட்டிலுக்கு அருகில் இருப்பவை யாவை? மூக்குக் கண்ணாடியின் காலில் நூல் சுற்றப்பட்டிருக்கிறதா? வானொலி எந்த நிலையத்தில் நிற்கிறது? அறையில் என்ன மணம்: விபூதியா, தைலமா, பழைய புத்தகமா? இருபது பொருள்களை எழுதிக்கொண்டால் பதினேழு பயன்படா. எஞ்சிய மூன்றுள் தாத்தா இருப்பார். வீட்டில் யாருமே குளிருக்கு அஞ்சாத கோடைகாலத்திலும் அவரது குளிர்ச்சட்டை கதவுக்குப் பின்னால் தொங்குகிறதென்றால், அதனைப் பற்றிக் கேட்கவேண்டும். அங்கிருந்துதான் உரையாடல் தொடங்கும்.

கேட்பது எழுதுவதிலும் கடினமான கலை. "உங்கள் ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருந்தது" என்ற விடை வரும், அதற்குமேல் ஒன்றும் வராது. கேள்வி பெரிதாக இருப்பின் விடை சிறிதாகிவிடும். மாறாக, "பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியால் போவீர்கள்? வழியில் முதலில் யார் வீடு வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். நினைவு கால்களில் தங்கியிருப்பது; நடக்கவிட்டால் அது வந்துவிடும். இதனினும் நல்ல வழி ஒன்றுண்டு. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துப் பழைய வீட்டின் படத்தை வரைந்து காட்டுமாறு தாத்தாவைக் கேளுங்கள். "எனக்குப் படம் கீறத் தெரியாது" என்பார். பின்னர் கிணற்றுக்கு ஒரு வட்டம் போடுவார். கிணறு வந்ததும் துலா வரும். துலா வந்ததும் அதில் ஏறி மிதித்தவர் வருவார். வேலி வரும், படலை வரும், படலைக்கு வெளியே சைக்கிள் மணி கேட்கும். துலா என்றால் என்ன, படலை என்றால் என்ன என்று இந்நாட்டில் பிறந்த பிள்ளை கேட்கும். கேட்கட்டும். கிணற்று நீரை இறைக்க உதவும் நீண்ட மரம் என்றும், வேலியில் வைத்த வாயிற்கதவு என்றும் விளக்கிவிட்டு, அச்சொற்களையே கட்டுரையில் வைத்துக்கொள்ளுங்கள். பாடநூலில் அச்சொற்கள் இல்லை. நம் வீடுகளிலேயே அவற்றை ஒருவர் அல்லது இருவர்தாம் இன்று வாயால் சொல்கின்றனர்.

கேட்ட விடையை எவ்வாறு பதிவது? கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். அனுமதி கேட்டுச் செய்யவேண்டும். ஆயினும் ஒலிப்பதிவை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருத்தல் ஆகாது. அவர் எப்போது சிரித்தார், எங்கே சொல்லை நிறுத்திவிட்டுச் சன்னலைப் பார்த்தார் என்பன ஒலியில் விழா. அவற்றைக் குறிப்பேட்டில்தான் எழுதவேண்டும். அன்றிரவே விரித்து எழுதவேண்டும். உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். ஆசிரியர் மறைந்ததோ 1876இல். ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய நூலிலும், பிள்ளை பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே செல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதும் காட்சி நம் கண்முன் நிற்கின்றது. மாணாக்கராய் அருகிலிருந்த காலத்தில் அவர் ஆசிரியரை அத்துணைக் கூர்ந்து நோக்கியிருந்தார். நமக்கு அத்தகைய நினைவாற்றல் வாய்க்கவில்லை; குறிப்பேடு ஒன்றே நமக்குத் துணை.

இங்கே பெற்றோருக்கும் மாணவருக்கும் சேர்த்து ஒரு செய்தி. நம் வீட்டு முதியோர் இந்நாட்டுக்கு வந்த காரணங்கள் ஒரே வகையின அல்ல. தொழில் நிமித்தம் தமிழகத்திலிருந்து வந்தவர் உளர். பிள்ளைகளைப் பார்க்க வந்து தங்கிவிட்டவர் உளர். 1983 யூலைக்குப் பின் ஒரு பையோடு புறப்பட்டவரும், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவரும் உளர். "ஏன் வந்தீர்கள்?" என்னும் கேள்வி பிள்ளைக்கு எளியது, கேட்கப்படுபவருக்கு அவ்வாறன்று. அவர் பேசாதிருந்தால் வற்புறுத்தல் வேண்டா. அடுத்த கேள்விக்கு விரைந்து தாவுதலும் வேண்டா. சற்றுநேரம் உடன் இருங்கள். பல வேளைகளில் பாட்டி தேநீர் வைக்க எழுந்து செல்வார், அன்று அவ்வளவுதான். சில கிழமைகள் கழிந்து, வெங்காயம் உரிக்கும்போது தாமாகவே தொடங்குவார். தொடங்காமலே விட்டாலும் குற்றமில்லை. "இதனைப் பற்றிக் கேட்டபோது அம்மம்மா எழுந்து சென்று அடுப்பைப் பற்றவைத்தார்" என்று எழுதினால் அதுவே சித்திரம். நாமாக ஒரு துயரக்கதையை இட்டு அவ்விடத்தை நிரப்புதல் கூடாது. சொன்னவற்றுள்ளும், "இதை எழுதாதே" என்று அவர் கூறியது அச்சேறலாகாது. மலரின் பக்கம் நிறையவேண்டும் என்பதற்காக ஒருவரின் நம்பிக்கையை உடைக்க நமக்கு உரிமை இல்லை.

உண்மை பார்த்தல் அடுத்தது. முதியோரின் நினைவு பொய் சொல்வதில்லை. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றை அடுக்கி வைத்துவிடும். 1950இல் யாழ்தேவியில் ஏறி முதன்முதலாகக் கொழும்புக்குச் சென்றதாக ஒருவர் சொல்லக்கூடும். யாழ்தேவி ஓடத்தொடங்கியது 1956ஆம் ஆண்டில். பின்னாளில் பலமுறை ஏறிய வண்டியின் பெயர் முதற்பயணத்தின்மேலும் படிந்திருக்கும். அவ்வாறே தமிழகத்துப் பாட்டி ஒருவர் 1952இல் பத்து நயா பைசாவுக்குக் கத்தரிக்காய் வாங்கியதாகச் சொல்லலாம். இந்தியாவில் நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957இல், அதற்கு முன்னர் அணாக் கணக்கே. இத்தகைய இடங்களில் "பாட்டி, நீங்கள் சொல்வது பிழை" என்று நீதிபதியாக வேண்டியதில்லை. "அப்போது வண்டியில் பகலிலா இரவிலா போனீர்கள்?" என்று கேட்டால் அவரே யோசித்துத் திருத்திக்கொள்வார், இரவுத் தபால் வண்டி என்பார், அதனோடு புதிதாக ஒரு கதையும் வரும். திருத்தம் கேட்பதனால் கிடைக்கும் இலாபம் இது.

இனி இடங்களைப் பற்றி. யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி எழுத விரும்பும் மாணவர் ஒவ்வோராண்டும் உளர். 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு முயற்சியிலிருந்து அது வளர்ந்தது; புதிய கட்டடம் 1959இல் திறக்கப்பெற்றது; 1981இல் மே 31ஆம் நாள் இரவு தீயிடப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன; மீளக்கட்டப்பெற்று 2003இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இச்செய்திகள் யாவும் வேண்டுவனவே. ஆயினும் இவற்றை மட்டும் எழுதினால் அது குறிப்புரை. கட்டடம் இருக்கும், வாசகர் இரார். அங்கே மாணவராய் அமர்ந்து படித்த ஒருவர் நம் பாடசாலைப் பெற்றோருள்ளேயே இருக்கக்கூடும். எந்த மேசை, எந்தப் பக்கத்துச் சன்னல், வெயில் எப்போது புத்தகத்தின்மேல் விழும், சைக்கிளை எங்கே நிறுத்துவார்கள், எந்த நூலைக் கடைசியாக இரவல் பெற்றார் என்று அவரைக் கேளுங்கள். 97,000 என்ற எண்ணைப் படிப்பவர் மனம் தாங்கிக்கொள்வதில்லை. அவர் திருப்பிக் கொடுக்காமல் வீட்டில் வைத்திருந்ததால் எரியாமல் தப்பிய ஒரு புத்தகம் இருந்ததாயின், அந்த ஒன்று போதும்.

தொலைவிலுள்ள இடத்தையே எழுதவேண்டும் என்பதும் இல்லை. நம் வார இறுதிப் பாடசாலையையே எடுத்துக்கொள்ளலாம். இத்தகைய பாடசாலைகள் பெரும்பாலும் பிறருடைய கட்டடத்தில் நடப்பவை. சுவரில் வேறு பிள்ளைகளின் ஓவியங்கள். கொளுக்கிகளில் வேறு பெயர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கான நாற்காலியில் பதினைந்து வயது மாணவன் முழங்கால் மேசையில் இடிக்க அமர்ந்து நன்னூல் படிக்கின்றான். மேசைகளை எவ்வாறு கண்டோமோ அவ்வாறே விட்டுச் செல்லவேண்டும். கரும்பலகையில் எழுதிய அகரமும் ஆகாரமும் பகல் மணி அடிக்குமுன் அழிக்கப்படவேண்டும். தாழ்வாரத்தில் பெற்றோர் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு ஊர்ச்செய்தி பேசுகின்றனர். திங்கட்கிழமை காலை அங்கு வரும் பிள்ளைகளுக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. இத்தனை கருப்பொருள் கண்முன் கிடக்க, "எங்கள் பாடசாலை அழகானது, ஆசிரியர்கள் அன்பானவர்கள்" என்று எழுதுவது ஏன் என்று நாம் அடிக்கடி வியப்பதுண்டு. (ஆசிரியர்களைப் புகழ்வதில் நமக்கு ஆட்சேபம் இல்லை.)

தொழிலையோ செயலையோ வரையும்போது மாணவர் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு: சித்திரம் செய்முறைக் குறிப்பாக மாறிவிடும். பிட்டு அவிப்பதை எழுதுவதாகக் கொள்வோம். மாவை வறுக்கவும், உப்பிடவும், கொதிநீர் விட்டுக் குழைக்கவும் என்று வரிசைப்படுத்தினால் சமையற் புத்தகத்துக்கு ஒரு பக்கம் சேரும். அம்மம்மா பிட்டு அவிப்பது அதுவன்று. "எவ்வளவு தண்ணீர்?" என்று கேட்டால், "அது கைக்குத் தெரியும்" என்பார். அந்தக் கையை நோக்குங்கள். மாவைக் கையில் பிடித்துப் பார்த்து, பிடி நின்றால் இன்னும் சிறிது, உதிர்ந்தால் இன்னொரு முறை என்று தமக்குள் கணக்கிடுகின்றார். பேணியின் விளிம்பால் மாவைக் கொத்தும் ஓசை எவ்வளவு வேகம் என்று கேளுங்கள். ஊரில் பனையோலையால் இழைத்த நீத்துப்பெட்டியில் அவித்தவர், இங்கே எதில் அவிக்கின்றார்? பெட்டி எப்போது கிழிந்தது, கிழிந்த பெட்டியை ஏன் எறியாமல் அலமாரியின் மேல் வைத்திருக்கின்றார்? செயலை எழுதத் தொடங்கிய மாணவர் இங்கே மனிதரிடம் வந்து சேர்ந்துவிட்டார், வரட்டும். மனிதர், இடம், தொழில் என்று தலைப்பில் பிரித்திருப்பது வகுப்பறை வசதிக்காகவே.

எழுதும்போது மொழிநடை பற்றி ஓர் ஐயம் எழும். கட்டுரையை எழுத்துத் தமிழில் எழுதவேண்டும் என்று நாம் கற்பிக்கின்றோம். பாட்டியோ எழுத்துத் தமிழில் பேசுவதில்லை. "இருங்கோ, வாறன்" என்று சொல்லும் அம்மம்மாவை, "இருங்கள், வருகிறேன்" என்று சொல்ல வைத்தால் அவர் வேறொருவராகிவிடுவார். தஞ்சைப் பாட்டி தஞ்சைப் பேச்சிலும், கோவைத் தாத்தா "ஏனுங்க" என்றும் பேசட்டும். விதி எளிது: மேற்கோள் குறிக்குள் அவருடைய தமிழ், வெளியே நம்முடைய தமிழ். பேச்சை அளவோடு வைத்தல் நன்று. ஒரு பக்கத்தில் மூன்று நான்கு வாக்கியங்கள் போதும். கேட்டது முழுவதையும் இறக்கி வைத்தால் எழுதியவர் யார் என்ற ஐயம் வந்துவிடும்.

தொடக்கம் "என் அம்மம்மாவின் பெயர்" என்று வேண்டா. ஏதேனும் ஒரு செயலின் நடுவில் அவரைக் காட்டித் தொடங்குக. பெயரும் ஊரும் வயதும் மூன்றாம் வாக்கியத்தில் வந்தாலும் தாமதமில்லை. எழுதி முடித்தபின் ஒரு வண்ணக்கோலை எடுத்து நல்ல, அழகான, மிகவும், அன்பான என்னும் சொற்களைக் கோடிடுக. கோடிட்ட ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, அதற்குச் சான்றாக நீங்கள் கண்ட ஒன்றை எழுத முடியுமா என்று பார்க்க. முடியாதாயின் அச்சொல்லும் வேண்டா.

பெற்றோர் உதவலாம், எழுதிக் கொடுத்தல் ஆகாது. பத்து வயதுப் பிள்ளையின் கட்டுரையில் "அன்னாரின் அளப்பரிய பணி" என்று வரும்போது அதனை எழுதியவர் யாரென்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், "தாத்தா முட்டைக்கு உப்புப் போட்டுப் போட்டு உப்புப் போதாது என்று சொல்வார்" என்ற பிள்ளையின் வாக்கியத்தைத் திருத்தாதீர்கள். பிள்ளைக்குச் சொல் கிடைக்காத இடத்தில் உடனே இந்நாட்டு மொழிச் சொல்லை எடுத்துக் கொடுக்காமல், தாத்தாவையே போய்க் கேட்குமாறு அனுப்புங்கள்.

முடிவில் கட்டுரையை யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுக. அவர் பெயர்களைத் திருத்துவார். ஓரிடத்தில் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பார். பெரும்பாலும் சொல்லியிருப்பார், ஆயினும் கேட்டு எழுதிக்கொள்க. பின்னர் இன்னொரு செய்தியும் சொல்லத் தொடங்குவார். குறிப்பேடு கையில் இருக்கட்டும். திருத்திய படியின் கீழ், கேட்ட நாளையும் இடத்தையும் எழுதிக் கையொப்பமிடுக. ஒரு படியை அவருக்கென்று பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுக்க. மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிராமல் படிப்பார்.